கோடையில் வெளியே வைத்த ஓர்க்கிட்: ஒட்டும் இலைகளும் வெண்பஞ்சும்

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். வீட்டுக்குள் வளர்க்கும் ஃபலனொப்சிஸ், கத்லேயா, டென்ட்ரோபியம் ஓர்க்கிட்களை யூன் தொடக்கத்தில் பின்வளவு மேப்பிள் மரத்தின் கீழ் தரையில் வைத்தேன். செடிகள் நன்றாகத் தளிர்த்தன. ஆனால் ஓகஸ்ட் நடுப்பகுதியான இப்போது இலைகள் ஒட்டுகின்றன. சிலவற்றில் கரி படிந்ததுபோல் இருக்கிறது. கத்லேயாவின் அடியில் வெண்பஞ்சு தெரிகிறது. புதிய வேர் நுனிகளையும் ஒரு மொட்டையும் ஏதோ கடித்திருக்கிறது. ஒரு சாடியில் எறும்பும் உண்டு. உறவினர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பூச்சிநாசினித் தூள் கைவசம் இருக்கிறது. அதை எல்லாச் செடிகளுக்கும் தெளித்துவிட்டு உள்ளே எடுக்கலாமா?

பதில்: அன்புடையீர், வணக்கம். அந்தத் தூளைத் தயவுசெய்து தெளிக்க வேண்டாம். கனடாவில் பதிவு பெறாத பீடைநாசினியைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு மாறானது என்பதோடு, நீங்கள் எழுதிய அறிகுறிகள் ஒரே மருந்துக்குக் கட்டுப்படும் ஒரே பூச்சியுடையவையும் அல்ல. அவற்றில் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று உங்கள் செடியிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

முதலில் ஒட்டும் இலைகளைப் பார்ப்போம். ரொறன்ரோப் பகுதியில் பரவலாக நிற்கும் நோர்வே மேப்பிள் மரங்களில் கோடை முழுவதும் அழுக்கணவன் பூச்சிகள் சாறுறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் இனிப்பு நீர் துளித்துளியாகக் கீழே விழும். மரத்தடியில் நிறுத்திய காரின் கண்ணாடி பிசுபிசுப்பதற்குக் காரணம் அதுதான். அந்த இனிப்பின் மீது வளரும் பூஞ்சணமே நீங்கள் கண்ட கரிப்படிவு. அந்தப் பூஞ்சணம் இலைக்குள் நுழைவதில்லை. வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவே. ஆகவே மருந்தைத் தேடும் முன், ஒரு செடியின் இலைகளை ஈரத்துணியால் இருபுறமும் துடைத்து, மரத்தின் கீழ் அல்லாத வேறொரு நிழலில் ஐந்தாறு நாட்கள் வைத்துப் பாருங்கள். ஒட்டும் தன்மை திரும்பாவிட்டால் குற்றம் மரத்துடையது. திரும்பினால் செடியிலேயே சாறுறிஞ்சிகளான, மாப்படிந்த வெண்மூட்டுப் பூச்சியோ செதில்போல் ஒட்டியிருக்கும் மென்செதிற் பூச்சியோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

எறும்பையும் அவசரமாகக் குற்றம் சொல்ல முடியாது. சாறுறிஞ்சிகளின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காப்பது உண்மை. ஆனால் ஆரோக்கியமான ஓர்க்கிட்டின் பூந்தண்டிலும் மொட்டடியிலும் இயல்பாகவே தேன்துளிகள் சுரக்கும்; அதைத் தேடியும் எறும்பு வரும். எறும்பு பூந்தண்டில் மட்டும் திரிந்தால் அச்சமில்லை. இலையின் கீழ்ப்புறத்துக்கும் தண்டின் அடிக்கும் ஓயாமல் போய்வந்தால், அது போகும் இடத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள்; பூச்சி அங்கேதான் இருக்கும். சாடிக்குள் கூடு கட்டியிருந்தால் அது தனிப் பிரச்சினை. அதற்கான வழியைப் பின்னர் சொல்கிறேன்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது கத்லேயாவின் வெண்பஞ்சுதான். ஒரு கைவில்லையையும் பல்குத்தும் குச்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் மெல்ல நகரும், கால்கள் உடைய, மாவில் புரட்டியது போன்ற நீள்வட்ட உடல் தெரிந்தால் அது வெண்மூட்டுப் பூச்சி. பஞ்சு அசையாமல் கொத்தாக ஒட்டியிருந்து, அதன் அருகே ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் அகலமான, தட்டையான, வெளிர்மஞ்சள் நிற வட்டச் செதில்கள் தெரிந்தால் அது ஓர்க்கிட் வளர்ப்போர் பெரிதும் அஞ்சுகிற புவாடுவல் செதிற்பூச்சி. அதில் பஞ்சாகத் தெரிவது ஆண் கூட்டம். வட்டச் செதில்கள் பெண்கள். இந்தக் கவசச் செதிற்பூச்சி இனிப்பு நீர் கழிப்பதில்லை. எனவே ஒட்டாத இலையில் பஞ்சைக் கண்டால் நிம்மதியடையாமல், இதுதானா என்று இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டில் எதுவானாலும் அவை கூடுதலாக ஒளிந்திருப்பது போலிக்குமிழ்களை (நீரைச் சேமிக்கும் தடித்த தண்டுகளை) மூடியிருக்கும் உலர்ந்த உறைகளுக்குள்தான். அவற்றை ஈரப்படுத்தி, பச்சைத் திசு கிழியாமல் நிதானமாக உரித்துவிடுங்கள். அவற்றை உரிக்காமல் தெளிக்கும் எந்த மருந்தும் வீண். பின்பு 70 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியாலோ மென்மையான பற்தூரிகையாலோ ஒவ்வொரு பூச்சியையும் தொட்டுத் துடைத்து அகற்றுங்கள். இதை நிழலில் செய்ய வேண்டும். பூவிலும் இளந்தளிரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள், கடையில் தாவரங்களுக்கென்றே விற்கப்படும் பூச்சிநாசினிச் சவர்க்காரக் கரைசலை லேபலில் உள்ள அளவின்படி இலையின் கீழ்ப்புறம், கணுக்கள், வேரடி எல்லாம் நனையத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு ஈடாகாது. இலையின் மெழுகுப் படலத்தை அது கெடுத்துவிடும்.

சவர்க்காரம் நேரடியாகப் படும் மென்னுடல் பூச்சியை மட்டுமே கொல்லும். கவசத்தின் அடியிலுள்ள முட்டைகளை எட்டாது. முட்டையிலிருந்து வெளிவந்து ஊர்ந்து இடம் தேடும் குஞ்சுப் பருவமே அதற்கு இலகுவாக அகப்படும் பருவம் என்பதால், 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறையாக நான்கு முறை தெளிக்க வேண்டும். முதல் தெளிப்பிலேயே செடி சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலானோர் அங்கே நிறுத்திவிட்டு, கிறிஸ்மஸ் காலத்தில் மீண்டும் பஞ்சைக் காண்கிறார்கள். வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நாளில் தெளிக்க வேண்டாம். காலை வேளையில் தெளித்து, ஃபலனொப்சிஸின் நடுக்குருத்தில் தேங்கிய நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அங்கே நீர் தங்கினால் குருத்தழுகல் வந்து, பூச்சியிடமிருந்து காப்பாற்றிய செடியையே இழக்க நேரும்.

வேர் நுனியையும் மொட்டையும் கடித்தது பெரும்பாலும் ஓடில்லா நத்தை. சாடிகள் தரையில் இருந்ததே அதற்கு வாய்ப்பாயிற்று. இரவில் மின்சூளுடன் சென்றால் பார்த்துவிடலாம், வெள்ளிக்கோடு போன்ற சளித்தடமும் காட்டிக்கொடுக்கும். இரும்புப் பொசுபேற்று அடங்கிய நத்தைக் குறுணைகள் ஒன்ராறியோவில் வீட்டுப் பாவனைக்குக் கிடைக்கின்றன. அவற்றைச் சாடியைச் சுற்றி மெலிதாகத் தூவினால் போதும். மரப்பட்டைக் கலவைக்குள்ளேயே வாழ்ந்து வேர் நுனிகளைத் தின்னும் மிகச் சிறிய ஓடுடைய நத்தைகளும் உண்டு. மாலையில் ஒரு துண்டு உருளைக்கிழங்கைக் கலவையின் மேல் வைத்துக் காலையில் புரட்டிப் பார்த்தால் அவை ஒட்டியிருக்கும்.

இனி, அந்தத் தூளை ஏன் தடுத்தேன் என்பதற்கு வருகிறேன். உங்கள் செடிகள் வெளியே இருக்கும் இந்த மூன்று மாதங்களும் அவற்றுக்குப் பெரும் பாதுகாப்புக் காலம். பொறிவண்டு, கண்ணாடியிறகுப் பூச்சியின் குஞ்சு, இரைகௌவும் சிற்றுண்ணி, சிறு சிலந்தி எல்லாம் கூலியில்லாமல் வேலை செய்கின்றன. மழை இலைகளைக் கழுவுகிறது. பலவகைப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் நஞ்சு முதலில் அழிப்பது இந்த நண்பர்களைத்தான். அதன் பின் இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிற்றுண்ணி எதிரியில்லாமல் பெருகும். சிற்றுண்ணி எட்டுக் கால் உயிர், பூச்சியன்று. பூச்சிக்கான பல மருந்துகள் அதைத் தொடுவதே இல்லை. வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு கிழமையில் முடிந்துவிடும்.

வீட்டுக்குள்ளோ அந்த நண்பர்கள் எவருமில்லை. ஒக்டோபரில் சூடேற்றி ஓடத் தொடங்கியதும் காற்று வறண்டு, சிற்றுண்ணிக்கு உகந்த நிலை தானாக அமைகிறது. வெளியே அடங்கிக் கிடந்த நாலைந்து பூச்சிகள் யன்னலோரத்தில் நூற்றுக்கணக்காவது இதனால்தான். ஆகவே சிகிச்சையை உள்ளே எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்காமல், இன்றே தொடங்கி வெளியிலேயே முடித்துவிடுங்கள். இரவு வெப்பநிலை 13 பாகைக்குக் கீழ் இறங்கத் தொடங்கும் செப்டெம்பர் நடுப்பகுதி வரை உங்களிடம் நான்கு கிழமைகள் இருக்கின்றன. நான்கு தெளிப்புகளுக்கு அது போதும்.

உள்ளே எடுக்கும் நாளில் ஒவ்வொரு சாடியையும், கலவையின் மேல்மட்டம் வரை, வெதுவெதுப்பான நீர் நிறைந்த வாளியில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். எறும்பு, மரவட்டை, நத்தை எல்லாம் மேலே ஏறிவரும்; எடுத்து அப்புறப்படுத்தலாம். எறும்புக்கூடு உள்ள சாடிக்கு இது போதாது. கலவையை முழுவதும் கொட்டி, வேரைக் கழுவி, புதிய மரப்பட்டையில் மாற்றி நடுவதே தீர்வு. ஒவ்வொரு செடிக்கும் புதிய நீரைப் பயன்படுத்துங்கள். சிம்பிடியம் மொசைக் வைரசும் ஒடொன்டொகுளோசம் வளையப்புள்ளி வைரசும் செடிச்சாறு வழியே பரவுபவை; பொது வாளியும் பொதுக் கத்தரிக்கோலும் அவற்றுக்கு வாகனங்கள். இவற்றுக்கு மருந்தே இல்லாததால், வெட்டும் கருவியை ஒவ்வொரு செடிக்கும் பின் தீச்சுவாலையில் காட்டிவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

பின்பு இலையின் கீழ்ப்புறத்தை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசியில் ஏதேனும் நகர்ந்தால் அது சிற்றுண்ணியாகவோ, இலையையும் பூவையும் சுரண்டிச் சாறுறிஞ்சும் பனிப்பூச்சியாகவோ (thrips) இருக்கலாம்; அந்தச் செடியைக் கீழ்ப்புறமாக நீர் பீச்சிக் கழுவி, சவர்க்காரத் தெளிப்பைத் தொடருங்கள். இலையில் வெளுத்து, பின் பழுப்பாகிக் காய்ந்து, மேலும் பரவாமல் நிற்கும் திட்டு வெயில் சுட்டது. அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்த செடிகளை, கோடையிலும் உள்ளேயே இருந்தவற்றோடு சேர்க்காமல் நான்கு கிழமைகள் வேறொரு அறையில் வைத்து, நீலமும் மஞ்சளுமான ஒட்டுப்பொறிகளை அருகே நட்டு, கிழமைக்கொரு முறை கைவில்லையால் பாருங்கள்.

வரும் ஆண்டு சாடிகளைத் தரையில் வைக்காமல் கம்பிவலை மேசையிலோ தொங்கவிட்டோ வையுங்கள். வெளியே கொண்டுபோகுமுன் சாடியின் அடித்துளைகளுக்கு நுளம்புவலைத் துண்டு போடுங்கள். மேப்பிள் நிழலுக்குப் பதிலாக வீட்டின் கிழக்குப் பக்கத்தில் நிழல்வலை கட்டினால் காலை வெயிலும் கிடைக்கும், ஒட்டும் துளிகளும் விழா. நான்கு தெளிப்புக்குப் பின்னும் கத்லேயாவின் புதுத்தளிரில் செதில் தெரியுமானால், அந்த ஒரு செடியை வீட்டுக்குள் எடுக்காமல், உறையிட்டுக் கட்டி அகற்றிவிடுவதே மற்றவற்றுக்கு நல்லது.