‘பைராட்ஸ் 0’ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 46 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. முதல்முறையாக மேமோகிராம் எடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘இடது மார்பில் அசிமெட்ரி, சில கால்சியம் புள்ளிகள், பைராட்ஸ் 0’ என்று இருக்கிறது. சைபர்தானே என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது மறுபடி வரச் சொல்கிறார்கள். கால்சியம் மாத்திரையை நிறுத்து என்கிறார் அக்கா. ஊசி போட்டுப் பார்த்தால் நோய் பரவிவிடுமாமே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மேமோகிராம் என்பது மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம். அதில் தெரிவதை எண்ணால் குறிக்கும் முறைதான் பைராட்ஸ். இந்த 0 பலரையும் குழப்புகிற எண்தான். அதற்கு ‘நல்லது’ என்றும் பொருளில்லை, ‘கெட்டது’ என்றும் பொருளில்லை. எடுத்த படங்களை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் படம் வேண்டும், அவ்வளவுதான். முதல் மேமோகிராம் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமும் இல்லை. அதனாலேயே முதல்முறை எடுப்பவர்களைத் திரும்ப அழைப்பது அதிகம். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

அசிமெட்ரி என்றால், ஒரு மார்பில் தெரிவது மற்றதில் அதே இடத்தில் இல்லை என்று பொருள். மடித்த புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு விழுந்த இடம் அடர்த்தியாகத் தெரியும், விரித்தால் காணாமல் போகும். மார்புத் திசுவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அப்படித் தெரியலாம். அந்த இடத்தை மட்டும் அழுத்தி மறுபடம் எடுப்பார்கள், அல்ட்ராசவுண்டும் பார்ப்பார்கள். கால்சியம் புள்ளிகளைப் பெரிதாக்கிப் படம் எடுப்பார்கள். பெரிய, உருண்டையான புள்ளிகள் பெரும்பாலும் தொல்லையில்லாதவை. பொடிப் பொடியாக ஒரே இடத்தில் கூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் எண் மாறும். 1, 2 வந்தால் கவலையில்லை. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தால் போதும். 4 அல்லது 5 என்றால் ஊசி மூலம் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இதில் 4 என்பது 2 முதல் 95 சதவீதம் வரை நீளும் பெரிய வரம்பு. அதனால் அதன் உட்பிரிவுகளான 4ஏ, 4பி, 4சி இவற்றில் எதுவென்று கேளுங்கள். 4ஏ வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றுதான் தெரியவரும். ஊசியால் நோய் பரவும் என்ற பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் நான் பார்த்தவரை உண்மையான ஆபத்து.

போகும்போது முதல் படங்களையும் கொண்டுபோங்கள். அன்று பவுடர், வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். படத்தில் அதுவே கால்சியம் புள்ளி போலத் தெரியும். மாதவிடாய் முடிந்த வாரமாக இருந்தால் வலி குறைவு. அதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.