பூ விலை சைட்டு முகூர்த்த நாள்ல மட்டும் ஏன் படுத்துருது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல தினமும் காலைல போன் போட்டு விசாரிச்சு மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி என்ன விலைன்னு ஒரு வெப்சைட்ல போடுறேன். வேர்ட்பிரஸ்தான், ஷேர்டு ஹோஸ்டிங். சாதாரண நாள்ல ஒரு தொந்தரவும் இல்ல. முகூர்த்தத்துக்கு முதல் நாளும் சித்திரைத் திருவிழா சமயத்துலயும் வாட்ஸ்அப் குரூப்புகள்ல லிங்க் போனதும் கொஞ்ச நேரத்துலயே 508னு எரர் வந்து சைட்டு படுத்துருது. கம்பெனில கேட்டா விபிஎஸ்-க்கு (பெரிய மெஷின்ல நமக்குன்னு தனியா ஒதுக்குற பங்கு) மாறுங்கன்றாங்க. குடுத்த இடத்துல கால்வாசி கூட ரொம்பல, பேண்ட்வித்தும் (சைட்டுல இருந்து போற வர்ற டேட்டாவுக்கான அளவு) அப்படியே கிடக்கு. எதுக்குண்ணே மாறணும்?
– உசிலம்பட்டி பக்கம் இருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, அவசரப்பட்டு பணம் கட்டிராதீங்க. உங்களுக்குத் தீர்ந்து போறது இடமும் இல்ல, பேண்ட்வித்தும் இல்ல. ஷேர்டு ஹோஸ்டிங்ல ஒரே மெஷின்ல நூத்துக்கணக்கான சைட்டு இருக்கும், அதனால ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் சிபியு இவ்வளவு, ரேம் இவ்வளவு, ஒரே நேரத்துல உள்ள நுழையிற புராசஸ் (ஓடுற வேலை) இத்தனைன்னு எல்லை கட்டி வச்சிருப்பாங்க. 508 வந்தா பெரும்பாலும் அந்தக் கடைசி எல்லை, அதாவது என்ட்ரி புராசஸ் இடிச்சிருக்குன்னு அர்த்தம். சிபேனல்ல (ஹோஸ்டிங்கை நீங்க நிர்வாகம் பண்ற பக்கம்) ரிசோர்ஸ் யூசேஜ்னு ஒரு பக்கம் இருக்கும், திறந்து பாருங்க, எது எப்ப இடிச்சுச்சுன்னு நேரத்தோட இருக்கும்.

ஏன் இடிக்குதுன்னு உங்க தொழில்ல வச்சே சொல்றேன். கோயில் வாசல்ல பூ விக்கிற அக்கா முன்னாடியே சரம் கட்டி பந்தாச் சுத்தி வச்சிருந்தாங்கன்னா வர்றவங்களுக்கு முழம் போட்டு அறுத்துக் குடுக்குறதுதான் வேலை, எவ்வளவு கூட்டம் வந்தாலும் சமாளிச்சிருவாங்க. அதே அக்கா ஒவ்வொரு ஆளும் வந்து நின்ன பிறகு மொட்டைப் பொறுக்கி, நாரை நனைச்சு, கட்ட ஆரம்பிச்சா வரிசை நகராது. ஸ்டாடிக் சைட்டுன்னா கட்டி வச்ச சரம், சர்வர் ஒரு ஃபைலை எடுத்து நீட்டுது, அவ்வளவுதான். உங்க வேர்ட்பிரஸ்ல ஒருத்தர் லிங்கைத் தொட்டதும் பிஎச்பி (பக்கத்தைக் கட்டுற புரோகிராம்) ஓடணும், வேர்ட்பிரஸ் முழுசா லோடு ஆகணும், நீங்க போட்ட ப்ளகின் (கூடுதல் வசதிக்குச் சேக்குற சின்ன புரோகிராம்) எல்லாம் லோடு ஆகணும், தகவலைச் சேத்து வச்சிருக்குற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்கிட்ட ஏகப்பட்ட கேள்வி கேட்டு பதில் வாங்கணும், அப்புறம் எல்லாத்தையும் ஒட்டி பக்கமாக்கி அனுப்பணும். அடுத்த ஆளுக்கும் அதே பக்கம் அதே விலைதான், ஆனா மறுபடி முதல்ல இருந்து. காலைல ஒரு தடவை மாறுற விலைக்கு ஆயிரம் தடவை கட்டுது.

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க எல்லை 20 புராசஸ்னு வச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 300 பேர் வந்தா செகண்டுக்கு 5 பேர். ஒரு பக்கம் தயாராக 2 செகண்ட் ஆச்சுன்னா எந்த நேரமும் 10 பேர் உள்ள இருப்பாங்க, தாங்கும். ஆனா அந்தப் 10 பேரும் உங்களுக்கு ஒதுக்குன அதே ஒரு சிபியுவைத்தான் பங்கு போடணும், அதனால ஒவ்வொரு பக்கமும் 2 செகண்ட்ல இருந்து 4 ஆகும், 6 ஆகும். 6 செகண்ட் ஆனா உள்ள 30 பேர், எல்லை தாண்டியாச்சு, மிச்ச ஆளுக்கெல்லாம் 508. மெதுவாப் போகப் போகத்தான் கூட்டம் சேருது, கூட்டம் சேரச் சேர இன்னும் மெதுவாகுது. அதான் நல்லா ஓடிக்கிட்டிருந்த சைட்டு திடீர்னு விழுற மாதிரி தெரியுது.

செய்ய வேண்டியது பேஜ் கேஷ் (cache), அதாவது கட்டுன பக்கத்தை எடுத்து வச்சுக்குறது. டபிள்யூபி சூப்பர் கேஷ் மாதிரி ஒரு ப்ளகின் போடுங்க, உங்க ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வர்ல ஓடுதுன்னா லைட்ஸ்பீட் கேஷ் போடுங்க, ரெண்டுல ஒண்ணு மட்டும். முதல் ஆளுக்குக் கட்டுன பக்கத்தை ஃபைலா எடுத்து வச்சுக்கிட்டு அடுத்து வர்றவங்களுக்கு அதையே குடுக்கும். சூப்பர் கேஷ்ல எக்ஸ்பர்ட் மோடுன்னு இருக்கும், அதுல பிஎச்பியைத் தொடாமலே ஃபைல் போயிரும், உங்களுக்கு அதுதான் வேணும்.

ஆனா ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருக்கணும் தம்பி, நான் இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். நீங்க விலையை போஸ்ட்டா எடிட் பண்ணி அப்டேட் குடுத்தா ப்ளகினுக்குத் தெரியும், பழைய ஃபைலை அழிச்சிரும். கூகுள் ஷீட்ல இருந்தோ வேற டேபிள்ல இருந்தோ விலையை இழுத்துக் காட்டுறீங்கன்னா அதுக்குத் தெரியாது, நேத்து விலையே நிக்கும். நேத்து விலையைப் பாத்துட்டு ஒரு விவசாயி பூவைக் குறைச்சுக் குடுத்துட்டுப் போயிட்டார்னா அந்தப் பாவம் சும்மா விடாது, அதுக்கு சைட்டு படுத்தே கிடக்கலாம். அதனால விலை மாத்துனதும் கேஷைக் கையால காலி பண்ணுங்க, பக்கத்துலயே தேதியும் நேரமும் பெருசாப் போடுங்க. சரி பாக்கும்போது லாகின் பண்ணாத வேற போன்ல பாருங்க, ஏன்னா லாகின்ல இருக்குற உங்களுக்குப் பெரும்பாலும் கேஷ் பக்கம் வராது, எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும்.

எத்தனை பேர் பாத்தாங்கன்னு எண்ணுற கவுண்டர் ப்ளகின் இருந்தா தூக்கிருங்க, அது ஒவ்வொரு பார்வைக்கும் டேட்டாபேஸ்ல எழுதும். அப்புறம் அக்சஸ் லாக்கை (யார் எந்தப் பக்கத்தைத் தொட்டாங்கன்ற பதிவு) பாருங்க, லாகின் பக்கத்தை ராத்திரி பகலா பாட் (bot) புரோகிராம்கள் தட்டிக்கிட்டே இருக்கும், அதுக்கு கேஷ் உதவாது, ஒவ்வொரு தட்டுக்கும் பிஎச்பி ஓடும், தப்பா பாஸ்வேர்டு போட்டா தடுக்குற ப்ளகின் ஒண்ணு போடுங்க. விபிஎஸ் பத்தி சொல்றதா இருந்தா, 1 ஜிபி ரேம்ல ஓஎஸ்ஸும் டேட்டாபேஸும் எடுத்தது போக, பிஎச்பி புராசஸ் ஒண்ணுக்கு 50 எம்பின்னு வச்சாலும் பத்துப் பன்னெண்டுதான் ஓடும். கேஷ் இல்லாம அங்க போனா அதுவும் அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு விழத்தான் செய்யும், கூடவே செக்யூரிட்டி அப்டேட்டும் உங்க தலைல வந்துரும்.

கேள்வி: மேலூர்ல டியூஷன் சென்டர் வச்சிருக்கேன் சார். எங்களைப் பத்தி, பாடம், நேரம், போட்டோ, முகவரின்னு 5 பக்கம்தான் வேணும். மாசாமாசம் கட்டுற பெரிய பிளான் எடுக்கச் சொல்றாங்க. தேவையா?
– ஒரு டீச்சர்

பதில்: வேண்டாம் டீச்சர். வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறுற 5 பக்கத்துக்கு டேட்டாபேஸே வேண்டாம். எச்டிஎம்எல் ஃபைலா எழுதி வாங்கிக்கோங்க, இருக்குறதுலயே சின்ன ஷேர்டு பிளான்ல தாராளமா ஓடும், இல்லன்னா கிளவுட்ஃப்ளேர் பேஜஸ்ல இலவசமாவே வைக்கலாம். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனா அதை வியாபாரம் நடத்துறதுக்கான ஹோஸ்டிங்கா பயன்படுத்தக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, அதனால உங்களுக்கு வேண்டாம். ஸ்டாடிக் பக்கத்துல ஃபார்ம் போட்டா அதை வாங்கிக்க சர்வர்ல புரோகிராம் எதுவும் இருக்காது, கூகுள் ஃபார்ம் லிங்கோ வாட்ஸ்அப் பட்டனோ வச்சிருங்க. இன்னொண்ணு, டொமைன் (சைட்டோட இணையப் பேர்) உங்க பேர்ல, உங்க இமெயில்ல இருக்கணும், செஞ்சு குடுக்குறவங்க பேர்ல இருக்கக் கூடாது. எங்க சொந்தத்துல ஒரு கடை இப்படித்தான் பேரையே இழந்துச்சு, செஞ்சு குடுத்தவர் போனையே எடுக்கல, வருஷம் முடிஞ்சு டொமைன் வேற யாருக்கோ போயிருச்சு, அந்தப் பேர்ல அச்சடிச்ச பை எல்லாம் குடோன்ல கிடக்கு.

கேள்வி: சுங்குடி சேலை ஆன்லைன்ல விக்கிறோம். பிளான்ல அன்லிமிடெட்னு போட்டிருக்கு, இருந்தும் சைட்டு ஆமை மாதிரி நகருது. நாங்களும் கேஷ் போட்டா சரியாகுமா அண்ணா?
– புது மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி

பதில்: பாதி சரியாகும்மா. அன்லிமிடெட்ன்றது பெரும்பாலும் இடத்துக்கும் பேண்ட்வித்துக்கும் சொல்றது, சிபியுவுக்கும் ரேமுக்கும் எல்லை இருக்கும், ஃபைல் எண்ணிக்கைக்கு ஐநோடுன்னு தனி எல்லை இருக்கும், விதிமுறைல பாருங்க. உங்க போட்டோவையும் பாக்கணும். போன்ல எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏத்தி ஒரு பக்கத்துல 20 சேலை காட்டுனா 80 எம்பி, வாங்குற அம்மா போன்ல அது எப்ப வந்து சேர்றது? 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சு வெப்பி (WebP)ன்ற சின்ன அளவு பட ஃபார்மட்ல மாத்துனா பெரும்பாலும் ஒரு படம் 200, 300 கேபிக்குள்ள அடங்கிரும், புள்ளி கூட மங்காது.

சேலை பட்டியல் பக்கம், ஒவ்வொரு சேலைக்கான பக்கம், இதுக்கெல்லாம் கேஷ் போடுங்க. கார்ட், பணம் கட்டுற பக்கம், மை அக்கவுண்ட் மூணையும் கேஷ்ல இருந்து கட்டாயம் விலக்கி வைங்க, இல்லாட்டி ஒருத்தர் கூடையும் முகவரியும் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுரும். அந்த மூணு பக்கமும் ஆளுக்கு ஆள் புதுசா கட்டித்தான் ஆகணும், அதுக்கு சர்வர்ல தெம்பு வேணும். படத்தையும் கேஷையும் சரி பண்ணின பிறகும் தீபாவளி நேரத்துல பணம் கட்டுற இடத்துல மாட்டுச்சுன்னா, அப்ப பெரிய பிளானுக்குப் போங்க, அந்தக் காசு வீண் இல்ல.