ரவுட்டர் லாகில் ‘ரேடார் கண்டறியப்பட்டது’ என்று வருகிறது. பக்கத்தில் ரேடாரே இல்லையே, இது பழுதா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திடீரென்று அறுந்துபோகிறது, கொஞ்ச நேரத்தில் வேறு சேனலில் திரும்ப வருகிறது. லாகில், அதாவது ரவுட்டரின் நிகழ்வுப் பதிவில், 100ஆம் சேனலில் ரேடார் என்று எழுதியிருக்கிறது.

நெட்வொர்க் வேலையில் இருப்பதால் இந்த வரி எனக்குப் பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் ரவுட்டரில் பழுது எதுவும் இருக்காது. செய்யச் சொன்ன வேலையைத்தான் அது செய்கிறது.

2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் 5150–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை வயர்லெஸ் நெட்வொர்க்குகளுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே ராணுவ ரேடார்களும் வானிலை ரேடார்களும் இருந்தன. அதனால் 5250க்கு மேலே உள்ள பகுதிக்கு ஒரு நிபந்தனை: ரேடாரின் அலை காதில் விழுந்தால் வைஃபை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎஃப்எஸ் (டைனமிக் ஃப்ரீக்வென்ஸி செலக்‌ஷன்).

அமெரிக்க விமான நிலையங்களில் புயல்காற்றைக் கண்காணிக்கும் வானிலை ரேடாரின் உச்சத் திறன் 250 கிலோவாட். வீட்டு ரவுட்டரின் திறன் சில நூறு மில்லிவாட். இது அதை என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். ஆனால் ரேடார் அனுப்பும் துடிப்பு போய், மழைத்துளியில் பட்டு, திரும்பி வர வேண்டும். போகும்போதும் மெலிகிறது, வரும்போதும் மெலிகிறது. ஒரு பறக்கும் பொருள் இரண்டு மடங்கு தூரம் தள்ளிப்போனால் அதன் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரவுட்டரின் அலைக்கோ ஒருவழிப் பயணம்தான். இரண்டு மடங்கு தூரத்தில் நாலில் ஒரு பங்கு மிஞ்சும். ஆக, காதைத் தீட்டிக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருக்கும் ரேடாருக்கு நம் ரவுட்டர் பெரிய இரைச்சல்.

அது திரையில் எப்படித் தெரியும் தெரியுமா? ரேடார் ஆன்டெனா சுற்றிவந்து ரவுட்டர் இருக்கும் திசையைப் பார்க்கும்போது மட்டும், மையத்திலிருந்து விளிம்பு வரை நேராக ஒரு கோடு விழும். மழையே இல்லாத இடத்தில் மழை பெய்வதுபோல. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரில் இப்படிப்பட்ட குறுக்கீட்டைத் தேடிப் போனபோது அகப்பட்டவை, வெளிப்புறத்தில் பொருத்திய வயர்லெஸ் இணைப்புக் கருவிகள். கோடு விழும் திசையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் திறன் ஏற்றத்தாழ்வைத்தான் டிஎஃப்எஸ் பயன்படுத்திக்கொள்கிறது. ரவுட்டரின் அலை ரேடாருக்குப் போகும் வழியிலேயே ரேடாரின் துடிப்பும் இங்கே வருகிறது, அதுவும் பல மடங்கு உரக்க. அதனால் தொந்தரவு கொடுக்கும் தூரத்தில் இருக்கிற ரவுட்டருக்கு ரேடார் கேட்டுவிடும். டிஎஃப்எஸ் சேனலுக்குப் போகுமுன் ரவுட்டர் 60 நொடி வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 5600–5650 பகுதியில் 10 நிமிடம். ஏனென்றால் அங்கே இருக்கும் வானிலை ரேடார் கோணத்தை மாற்றி மாற்றி வானம் முழுக்க அலசிவிட்டு வரும். ஒரு நிமிடத்தில் உங்கள் பக்கம் அது திரும்பாமலே போகலாம். சேனலில் உட்கார்ந்த பிறகும் காது திறந்தே இருக்க வேண்டும். துடிப்பு கேட்டால் 10 நொடிக்குள் வெளியேறிவிட வேண்டும், அப்புறம் 30 நிமிடம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நீங்கள் பார்த்தது இந்த வெளியேற்றத்தை.

சிக்கல் என்னவென்றால், ரேடார் துடிப்பு பெரும்பாலும் சில மைக்ரோநொடிதான் நீடிக்கும். அடுத்த வீட்டு வைஃபையின் துண்டு துணுக்கும் சில சமயம் அதே போலத் தெரியும். சான்றிதழ் சோதனையில் பார்ப்பது ரேடாரைத் தவறவிடுகிறதா என்பதைத்தான். இல்லாத ரேடாரைக் கண்டு ஓடினால் மதிப்பெண் குறையாது. அதனால் பல ரவுட்டர்கள் பயந்த சுபாவத்தோடுதான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அமெரிக்காவில் 3550–3700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கடற்படை ரேடார்கள் இயங்குகின்றன. கப்பல் வருகிறதா என்று கடலோரத்தில் வைத்த உணரிகள் கேட்கும். எந்தச் செல்பேசிக் கோபுரம் எந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்று மையக் கணினி அமைப்பு உத்தரவிடும். 2020இலிருந்து முழு வணிகப் பயன்பாட்டில் இருக்கிறது. தனியாக உணரி வைத்துக் கேட்பது எனக்குப் பிடித்த வழி. ஆனால் ஒவ்வொரு கருவியின் இடமும் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டு ரவுட்டருக்கு இது ஒத்துவராது.

சரி, உங்கள் வீட்டில் வருவது நிஜ ரேடாரா? லாகில் சேனல் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே சேனல், அதே நேரத்தில் பக்கத்து ஆக்ஸஸ் பாயின்ட்டிலும் (வைஃபை தரும் இன்னொரு கருவி) அதே வரி என்றால் அநேகமாக நிஜம். இன்று 100, நாளை 56, ஒரே கருவியில் மட்டும் என்றால் பொய் அலாரம். ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை, புதுப்பித்துப் பாருங்கள். எதுவானாலும் 5250க்குக் கீழே வரும் 36 முதல் 48 வரையுள்ள சேனலில் நிறுத்திவிட்டால் தொல்லை தீரும், நெரிசல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எந்த நாட்டு விதிப்படி இயங்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டை மாற்றி டிஎஃப்எஸ்ஸையே அணைக்கும் ‘டிப்ஸ்’ கண்ணில் பட்டால் தொடாதீர்கள். ரேடார் திரையில் கோடு விழுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.