குழாயை எடுக்க அவசரம் வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுக்கப் போகிறார்கள். எங்கள் புளோக்கில் ஓர் அக்காவுக்கு இதற்குப் பிறகு அக்குளில் நீர் கோத்து, பல தடவை ஊசியால் எடுத்தார்கள். அம்மாவுக்கு அப்படி ஆகாமல் தடுக்க முடியுமா? - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அடியோடு தடுக்க முடியாது, நிறையக் குறைக்கலாம். அந்த அக்காவுக்கு நடந்தது அடிக்கடி நடப்பதுதான், யார் தவறும் இல்லை. ரத்தம் சீக்கிரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நெறிக்கட்டிகள் வழியே ஓடும் நிணநீர் அப்படி எளிதில் உறையாது. பெரிய நிணநீர்க் குழாய்களை மருத்துவர் கட்டிவிடுவார், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சில நாள் கசியத்தான் செய்யும். நெறிக்கட்டி இருந்த இடம் காலியாக இருப்பதால் நீர் அங்கே தேங்குகிறது.

அதனால் இரண்டு கேள்விகளை இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று, எல்லாவற்றையும் எடுக்காமல் புற்றுநோய் முதலில் பரவக்கூடிய ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதுமா? எல்லோருக்கும் இது பொருந்தாது, பொருந்தினால் கசிவு வெகுவாகக் குறையும். இன்னொன்று, காலி இடம் விழாதபடி உள்ளே தையல் போடுவார்களா?

வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் கசியும் நீரை வெளியேற்ற உடம்பில் குழாயும், அதன் நுனியில் ரப்பர் குமிழும் இருக்கும். குமிழ் அமுங்கிய நிலையில் இருந்தால்தான் நீரை உறிஞ்சும். மூடியைத் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி, குமிழை நன்றாகப் பிழிந்து, பிழிந்த பிடியை விடாமலே மூட வேண்டும். பிடியை விட்டுவிட்டு மூடினால் அது வெறும் பாட்டில்தான். தாதி சொல்லிக்கொடுக்கும்போது கூடவே நின்று, ஒரு முறை நீங்களே செய்து காட்டுங்கள். தினமும் அளவையும் நிறத்தையும் எழுதி வையுங்கள். சிவப்பு வெளிறி, மஞ்சளாகிக்கொண்டே வர வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்த பிறகே பல மருத்துவர்கள் குழாயை எடுப்பார்கள். அம்மா 'தொந்தரவா இருக்கு, எடுக்கச் சொல்லு' என்பார். 80 மில்லி வரும்போது எடுத்தால் அந்த நீர் உள்ளேதான் தேங்கும். அதற்காக வாரக்கணக்கில் விட்டு வைக்கவும் கூடாது, கிருமி ஏறும்.

அப்புறம் கை. முதல் வாரம் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். மூங்கில் கழியில் துணி மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது இருக்கிறதே, அந்த வேலையை இந்த மாதம் முழுக்க நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கா மார்க்கெட் பையையும்தான். ஆனால் கையை மடக்கி வைத்தே இருந்தால் தோள் இறுகிவிடும். சாப்பிடுவது, விரல் மடக்குவது, முழங்கை நீட்டுவது எல்லாம் மறுநாளே செய்யலாம். தோள் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்குங்கள்.

வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது, இறுக்கக் கட்டுவது எதுவும் வேண்டாம். தெரிந்தவர்கள் அன்பாகச் சொல்வார்கள், சரி என்று கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

குழாய் எடுத்த பிறகு கொஞ்சம் வீங்கினால் பயம் வேண்டாம். சிறிய தேக்கம் தானே வற்றும். பெரிதானால் ஊசியால் எடுப்பார்கள். அந்த இடம் பெரும்பாலும் மரத்திருப்பதால் வலி குறைவுதான். ஆனால் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தோல் சிவந்து சூடாவது, நாற்றமுள்ள நீர், குமிழ் திடீரென்று புது ரத்தத்தால் நிரம்புவது, இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.