வானொலியில் உடுக்கைச் சத்தம்: வாசகர் கேள்வி பதில்

கோவை வானொலியில் இசை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கி ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் பதில் சொல்கிறார்.

அறிவிப்பாளர் ஆவதற்கு நல்ல குரல் இருந்தால் போதுமா? நீங்கள் எப்படி வந்தீர்கள்?
– பல்லடம் வாசகி

குரல் வேண்டும்தான், ஆனால் முதலில் வேண்டியது காது. நான் கச்சேரிப் பாட்டு படித்தவள் இல்லை. தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்து, பாட வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தம்புரா சுருதி கூட்டும் நேரத்தில் பக்கத்தில் போய் நின்று, என்ன ராகம், யார் பாட்டு, பக்கவாத்தியம் யார் என்று எழுதிக்கொள்வேன். முந்தின நாள் கொடுத்த பட்டியலைக் கடைசி நிமிடத்தில் மாற்றாத வித்வான் அபூர்வம். தவறான ராகத்தின் பெயரைச் சொல்லிப் பாட்டைத் தொடங்கி வைப்பது அவருக்குச் செய்கிற அவமரியாதை.

பதிவு செய்து ஒலிபரப்புவதற்கும் நேரடி ஒலிபரப்புக்கும் கேட்பவருக்கு என்ன வித்தியாசம்?
– காங்கயம் வாசகர்

பதிவில் தடுமாறிய இடத்தைத் திரும்பப் பாடி ஒட்டிக்கொள்ளலாம். நேரடியில் விட்டது விட்டதுதான். ஆனால் அந்தப் பயத்திலேயே பாடுகிறவருக்கு ஒரு வேகம் வரும் பாருங்கள், அது ஒட்டுப்போட்ட பதிவில் வராது. அதற்காகவே எனக்கு நேரடி பிடிக்கும்.

அந்த வேகம் வர, சிவப்பு விளக்கு எரியும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்கு இரட்டைக் கதவு, சுவரெல்லாம் துளைப் பலகை. பாடுகிற குரல் பாடியவர் காதுக்கே திரும்பி வராது. கோயில் வாசலில் பாடிப் பழகியவர்கள் இங்கே மிரண்டு போவார்கள். தாராபுரம் பக்கமிருந்து அண்ணன்மார் கதை, அதாவது நம் கொங்குப் பக்கத்துப் பொன்னர் சங்கர் கதை, பாடும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மைக்கைப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, கடேசி வரைக்கும் கேக்கோணும்னா கத்திப் பாடோணுமா?" என்றார். "வேண்டாமுங்கய்யா, உங்கூட்டுத் திண்ணையில நான் உக்காந்து கேக்கறேன்னு நெனச்சுப் பாடுங்க" என்று எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மைக்கை மறந்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பாடினார்.

அவர் உடுக்கைக்கும் தனிப் பாடு உண்டு. ஏ.சி. குளிரில் தோலின் சுருதி மாறும். அதனால் அரைமணி நேரம் முன்பே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவோம். இடுப்புக் கயிற்றை அவர் அழுத்தித் தளர்த்தும்போது வரும் அந்த ஏற்ற இறக்கம் முழுசாகக் கிடைக்க உடுக்கைக்கு ஒரு மைக், சற்றுத் தள்ளி. கிட்டே வைத்தால் குரலை அமுக்கிவிடும்.

இரவு இரவாகப் பாடுகிற கதை அது. மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் உங்கள் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் ஒலிநாடாவில் பதிந்ததே பல இரவுகள் நீண்டது. எங்களிடம் இருந்தது அரைமணி நேரம். எதைப் பாடுவது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தங்கை தங்காள், அண்ணன்மார் மாண்டு கிடக்கும் படுகளத்துக்கு அவர்களைத் தேடிப் போகிற இடத்தைப் பாடினார். கண்ணாடிக்கு அப்பால் பொறியாளர், நேரம் முடியப்போகிறது என்று இரண்டு விரலைக் காட்டினார், நான் தலையசைத்தேன். பெரியவர் அடியை முடித்து உடுக்கையை இறக்கினார். அடுத்து வேறு நிலையத்திலிருந்து வாங்கி ஒலிபரப்புகிற செய்தி. இருந்த சில வினாடியில் அவர் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னேன். அந்த ஊர்க்காரர்கள் ரேடியோ முன்னால் காத்திருந்தது அதற்கும் சேர்த்துத்தான்.

வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்ததாமே, நிஜமா?
– கோபி வாசகர்

நிஜம். 1940-ல் தடை வந்தது, 1971-ல்தான் தளர்த்தினார்கள். கட்டை அமுக்கி வாசிக்கிற வாத்தியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுகிற அழகு, வராது என்பது அன்றைய வாதம். கமகத்தைப் பற்றிச் சொன்னது சரி, தடை போட்டது சரியில்லை என்பது என் கருத்து. நம் பக்கத்து நாடகக்காரர்களும் பஜனைக் கோஷ்டியும் ஆர்மோனியம் இல்லாமல் எப்படிப் பாடுவார்கள்?

என் மகள் வாய்ப்பாட்டு படிக்கிறாள். வானொலியில் பாட என்ன செய்ய வேண்டும்?
– பொள்ளாச்சி வாசகி

நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டு, குரல் தேர்வில் தேற வேண்டும். பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு உண்டு. தேர்வுக்குப் பெரிய உருப்படிகளை அவசரமாகப் பாடம் செய்ய வேண்டாம். சுருதி விலகாமல் பாடக்கூடியதை எடுத்துக்கொள்ளட்டும். கடிகாரத்தை வைத்து, கொடுத்த நேரத்துக்குள் முடித்துப் பழகட்டும். முக்கியமாக, உள்ளே போகும் முன் கண்ணாடி வளையலைக் கழற்றி உங்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தாளம் போடுகிற கையில் வளையல் குலுங்கினால் மைக் அதையும் பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும்.