பொம்மையின் சிரிப்பு பாதியில் உறைவது ஏன்?

ஹாலோவீன் மண்டையோட்டுக்காகச் சிரிப்புப் பொம்மையின் குரலைத் தாழ்த்த, போர்டிலிருந்த மின்தடையைக் கழற்றிவிட்டு 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டரை (திருகி மதிப்பை மாற்றக்கூடிய மின்தடை) பொருத்தியதாகவும், அதை ஒரு கடைக்கோடிக்குத் திருகினால் பொம்மை கீச்சிட்டு உறைந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிப் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. கருப்புப் பசைப் பொட்டுக்குள் இருக்கும் அந்தச் சிப்பின் கடிகாரத் துடிப்பை, அதாவது சிரிப்பொலியை அது எவ்வளவு வேகமாக வாசிக்கிறது என்பதை, அந்த மின்தடையே நிர்ணயிக்கிறது. அதன் மதிப்பு பூஜ்யத்தை நெருங்கும்போது துடிப்பு எல்லை மீறி விரைவதால் சிப் நிலைகுலைகிறது, பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் மீள்கிறது.

கழற்றிய மின்தடையை எறிந்திருக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். அதையே பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலுடன் தொடரிணைப்பாகச் சால்டர் செய்தால், ஒரு கோடியில் பொம்மையின் இயல்பான குரலும், திருகத் திருகக் கனத்த குரலும் கிடைக்கும். கீச்சிடும் பகுதியே இராது. மொத்த மின்தடை இரட்டித்தால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும், சிரிப்பும் இருமடங்கு நீளும். பேய்க்கு அது பொருத்தம்தான். பழைய மின்தடை 200 கிலோ ஓம் என்றால் 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரே போதும், அதற்கு மேல் சிரிப்பு வெறும் கரகரப்பாகிவிடும். கம்பிகளைக் குட்டையாக வையுங்கள். நீண்ட கம்பியருகே கை போனாலே சுருதி தள்ளாடக்கூடும்.