19 வயதுப் பொடியனா, 90 புள்ளி நட்சத்திரமா? ஹொக்கி பூலில் ட்ரேட் போடும் முன்

கேள்வி: வேலையிடத்தில் 12 பேர் சேர்ந்து என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்) ஹொக்கி பூல் நடத்துகிறோம்: நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு கற்பனை அணியாகப் பிரித்தெடுத்து, அவர்கள் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டுவோம். கோல், அசிஸ்ட் (கோலுக்குப் பாஸ் கொடுப்பது) இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி. பருவம் முடிந்ததும் ஆளுக்கு 8 ஆட்டக்காரர்களை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பள வரம்பு கிடையாது. முதல் மூன்று இடங்களுக்குத்தான் பரிசு. நான் போன முறை 9ஆம் இடம். என்எச்எல் ட்ராஃப்டில் (கழகங்கள் முறைவைத்து இளையவர்களை எடுக்கும் நிகழ்வு) முதல் 15க்குள் போன 19 வயது முன்வரிசைப் பொடியன் ஒருவன் என்னிடம் இருக்கிறான். அவனோடு, பூலில் அடுத்த முறை புதிய ஆள் எடுக்கும்போது எனக்குள்ள முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்தால், ஆண்டுக்கு 90 புள்ளி எடுக்கும் 31 வயது விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரர்) ஒருவரைத் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். ஆனால் பொடியன் பெரிய ஆளாக வந்துவிடுவான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 19 வயதில் அதைக் கணிக்க அவனை எடுத்த கழகத்தாலேயே முடிவதில்லை.

வேகாஸ் கோல்டன் நைட்ஸைப் பாருங்கள். 2017இல், தங்கள் முதல் ட்ராஃப்டில், ஒரே மாலையில் முதல் சுற்றில் மூன்று பேரை எடுத்தார்கள்: 6ஆவதாகக் கோடி கிளாஸ், 13ஆவதாக நிக் சுசுகி, 15ஆவதாக எரிக் பிரான்ஸ்ட்ரோம். அடுத்த நான்கு ஆண்டுகளில் மூவரையும் ட்ரேடில் விட்டார்கள். மக்ஸ் பசியோரெட்டிக்காக மொன்றியலுக்குப் போன சுசுகி 2022இல் அந்த அணியின் தலைவரானார். மார்க் ஸ்டோனுக்காக ஒட்டாவா வாங்கிய பிரான்ஸ்ட்ரோம் அங்கே நிலைக்கவில்லை. ஒட்டாவா 2024இல் அவரை விட்டுவிட்டது. மூவரில் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளாஸ் சாதாரண ஆட்டக்காரராகவே இருக்கிறார். வேகாஸ் பசியோரெட்டியையும் பிறகு சம்பளச் சுமை தாங்காமல் கரோலைனாவுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தது. அப்படியிருந்தும் 2023இல் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம் அவர்களுக்குத்தான். கடைசி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் ஸ்டோன்.

மூன்று பொடியன்களில் ஒருவன் வைரமாக வந்தான், அவனைத்தான் இழந்தார்கள், ஆனாலும் வென்றார்கள். அணி அந்த நேரத்தில் மேலே நின்றது. ஸ்டோனின் நல்ல ஆண்டுகளை அவர்களால் பயன்படுத்த முடிந்தது. உங்கள் கேள்விக்கான விடையும் பொடியனிடமோ விங்கரிடமோ இல்லை, உங்கள் 9ஆம் இடத்தில் இருக்கிறது.

நம் ஏலச்சீட்டுத்தான் இது. அவசரமாகப் பணம் வேண்டியவர் கழிவைக் கூட்டிக் கூறி முதல் மாதமே எடுத்துக்கொண்டு போவார். பொறுத்திருக்கக் கூடியவர் கடைசியில் முழுத் தொகையை எடுப்பார். வீடு வாங்க முற்பணம் கட்டுகிறவருக்கு அந்தக் கழிவு நட்டமில்லை. எடுத்த காசை வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவருக்குத்தான் நட்டம். 9ஆம் இடத்தில் இருந்துகொண்டு 31 வயதுக்காரரை வாங்குவது இந்த இரண்டாவது வகை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இந்த எண்கள் என் ஊகம், உங்கள் பூலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பூலில் ஆளுக்கு 8 பேரை வைத்துக்கொண்ட பிறகு சாதாரணமாகக் கிடைக்கும் ஆள் ஆண்டுக்கு 50 புள்ளி எடுப்பார் என்று வைப்போம். விங்கர் அடுத்த மூன்று ஆண்டில் 85, 75, 65 எடுத்தால், சாதாரண ஆளைவிட உங்களுக்குக் கூடுவது 35, 25, 15. மொத்தம் 75. பொடியன் 25, 45, 65 எடுத்தால் முதல் இரண்டு ஆண்டும் குறைவு, மூன்றாம் ஆண்டில்தான் 15 மிச்சம். கூட்டிக் கழித்தால் 15 புள்ளி நட்டம். இருவருக்கும் இடைவெளி 90. நான்காம் ஆண்டிலிருந்து அவன் 80 எடுத்தால் ஆண்டுக்கு 30 வீதம் மூன்று ஆண்டில் சமன். அதாவது எல்லாம் நல்லபடி நடந்தால்கூட, 24 வயது முடிகிறபோதுதான் கடன் அடைகிறது.

இதைப் படித்ததும் 'அப்ப விங்கர்தானே லாபம்' என்று தோன்றும். பூல் நடத்துகிறவர்கள் பலர் பொடியன்களுக்குத் தேவைக்கு மேல் விலை வைப்பதும் உண்மை. என்எச்எல் கழகங்கள் இளையவர்களைக் கட்டிப்பிடிப்பதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. 2005இலிருந்து அங்கே கண்டிப்பான சம்பள வரம்பு இருக்கிறது. 18 வயதில் கையெழுத்திடுகிறவர் முதல் மூன்று ஆண்டு குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் ஆடியாக வேண்டும். நட்சத்திரத்துக்கு 10 மில்லியன் டொலருக்கு மேல் போகிற இடத்தில், சம்பளம் குறைந்த நல்ல பொடியன் தங்கம்தான். உங்கள் பூலில் சம்பள வரம்பே இல்லை. அங்கே நீங்கள் கொடுக்கும் சம்பளம் அந்த 8 இடங்களில் ஒன்று. அது 19 வயதுக்காரனுக்கும் 31 வயதுக்காரருக்கும் ஒரே விலை. தொலைக்காட்சியில் கேட்கும் ட்ரேட் விலைகளை அப்படியே பூலுக்குக் கொண்டுவருகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் முதல் ஆண்டில் கிடைக்கும் அந்த 35 புள்ளி உங்களை 9இலிருந்து 3க்குக் கொண்டுபோகுமா? போன பருவத்தின் இறுதிப் பட்டியலை எடுத்து, மூன்றாம் இடத்துக்கும் உங்களுக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று பாருங்கள். 40, 50 என்றால் என் பதிலையே மாற்றிக்கொள்வேன். 150 என்றால், விங்கரின் நல்ல ஆண்டுகள் உங்களை 9இலிருந்து 7க்குத் தள்ளிவிட்டு முடிந்துபோகும்.

இந்தப் பேரத்தில் என்னை அதிகம் உறுத்துவது பொடியன் அல்ல, அந்த முதல் சுற்றுத் தேர்வு. ரொறன்ரோக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பரில் மேப்பிள் லீஃப்ஸ் ஃபில் கெசலுக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் பொஸ்டனுக்குக் கொடுத்தார்கள். கெசல் குறை வைக்கவில்லை; முதல் பருவத்திலேயே 30 கோல். அணிதான் 30 அணிகளில் 29ஆவதாக முடித்தது. கீழே முடிக்கும் அணிக்கே ட்ராஃப்டில் முன்னால் தேர்வு என்பதால், கொடுத்த தேர்வு 2ஆம் இலக்கமாகி டைலர் சேகின் பொஸ்டனுக்குப் போனார். மறு ஆண்டுத் தேர்வு 9ஆவதாகி டக்கி ஹமில்டன். வாங்கிய ஆள் சரி, விலையைக் கணித்த விதம்தான் பிழை. தாங்கள் மேலே வந்துவிடுவோம், தேர்வு பின்னுக்குப் போய்விடும் என்று நம்பினார்கள். உங்கள் நண்பர் உங்கள் தேர்வைக் கேட்பதும் நீங்கள் 9ஆம் இடம் என்பதால்தான். முதல் இரண்டு மூன்று தேர்வுகளுக்கும் அடுத்தவற்றுக்கும் மதிப்பில் பெரிய பள்ளம் உண்டு.

விங்கரின் 90 புள்ளியையும் ஒரே பருவத்தை வைத்து எடைபோடாதீர்கள். ஜொனதன் ஹுபர்டோ 2021-22இல் புளோரிடாவுக்கு 115 புள்ளி எடுத்தார். மாத்யூ கச்சக்குக்குப் பதிலாக 29 வயதில் கல்கரிக்குப் போன முதல் பருவத்தில் 55. கூட ஆடும் ஆட்கள், பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) நிற்கும் இடம், பயிற்சியாளரின் முறை எல்லாமே மாறின. மாறியபோது 24 வயதான கச்சக்கோ புளோரிடாவுடன் 2024, 2025 இரண்டிலும் கிண்ணம் தூக்கினார். நண்பரின் விங்கருக்கு மூன்று பருவச் சராசரி எடுங்கள். அந்தப் புள்ளிகளில் எத்தனை பவர் பிளேயில் வந்தன, அவருக்குப் பாஸ் கொடுக்கும் சென்டர் (நடு முன்வரிசைக்காரர்) அடுத்த ஆண்டும் அதே அணியில் இருப்பாரா என்றும் பாருங்கள்.

பொடியன் பக்கம் பார்க்க வேண்டியது குறைவு. ஜூனியர் லீக்கில் தன் வயதுக்காரரோடு எடுத்த 100 புள்ளியைவிட, ஸ்வீடன் முதல்தர லீக்கில் வளர்ந்த ஆண்களோடு எடுத்த 30 எனக்குப் பெரிது. பிறந்த திகதியையும் பாருங்கள். ட்ராஃப்டுக்கான எல்லை செப்டம்பர் 15. ஓஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்ததால் இரண்டு நாளில் 2015ஐத் தவறவிட்டு 2016இல் போனார். ஒரே ட்ராஃப்டில் போன இருவருக்கிடையே ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம், அந்த வயதில் அது பெரிய வித்தியாசம். பொடியன் கோல் காப்பாளராக இருந்திருந்தால் யோசிக்காமல் விற்கச் சொல்லியிருப்பேன். அவர்கள் முதல் இலக்க ஆளாக வர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

நீங்கள் 3ஆம், 4ஆம் இடத்தில் இருந்திருந்தால் கதை வேறு. 1988 மார்ச்சில் கல்கரி, 23 வயது பிரெட் ஹல்லை செயின்ட் லூயிஸுக்கு விட்டு, தடுப்பாட்டக்காரர் ராப் ராமேஜையும் கோல் காப்பாளர் ரிக் வாம்ஸ்லியையும் எடுத்தது. ஹல் பிறகு ஒரே பருவத்தில் 86 கோல், மொத்தம் 741 கோல் போட்டார். கல்கரி மறு ஆண்டே, 1989இல், கிண்ணம் வென்றது. அந்தக் கழகத்துக்கு அது இன்றுவரை ஒரே கிண்ணம். எனக்குக் கேட்டால், அது கெட்ட ட்ரேட் இல்லை.

நண்பருக்கு மறுத்துச் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், எதிர்ப்பேரம் வையுங்கள். தேர்வை வெளியே எடுங்கள். 31 வயது விங்கருக்குப் பதிலாக, ஏற்கனவே 65, 70 புள்ளி எடுத்துக்காட்டிய 24, 25 வயதுக்காரர் அவரிடம் இருந்தால் அவரைக் கேளுங்கள். முன்வரிசை ஆட்டக்காரருக்குப் பொதுவாக அதுதான் உச்ச வயது. ஒத்துக்கொண்டால் பொடியனைக் கொடுத்துவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் டிசம்பர் வரை பொறுங்கள். 26ஆம் திகதி 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஜூனியர் போட்டி தொடங்கும். உங்கள் பொடியன் தன் நாட்டு அணியில் இடம் பிடித்து முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டால், அன்றிரவே உங்கள் தொலைபேசிக்கு மூன்று பேர் செய்தி அனுப்புவார்கள்.